டப்பாவில் 400 என்றால் 400தானா?

கருப்பு வெள்ளை ஃபிலிம் கழுவக் கொண்டுவருபவர்களிடம் நான் அதிகம் கேட்கும் புகார், "நிழல்ல ஒண்ணுமே தெரியல, சார்." அதற்கு வைத்தியமும் அவர்களே சொல்வார்கள்: "அடுத்த ரோலை டெவலப்பர்ல ரெண்டு நிமிஷம் கூட விடுங்க." வெளிச்சமே படாத இடத்தில் டெவலப்பர், அதாவது ஃபிலிமைக் கழுவும் ரசாயனம், எதைக் கொண்டுவரும்? ஏற்கெனவே நன்றாக வெளிச்சம் பட்ட இடம்தான் நெகட்டிவில் இன்னும் கெட்டியாகும். வெள்ளை வேட்டியின் மடிப்பெல்லாம் போய், பிரிண்டில் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி நிற்கும்.

நானும் அப்படி ஒரு ஊர்த் திருவிழாவையே கெடுத்தவன்தான். ஆறு ரோல் எச்பி5 ப்ளஸ். இல்ஃபோர்ட் கம்பெனியின் கருப்பு வெள்ளை ஃபிலிம், டப்பாவில் ஐஎஸ்ஓ (வெளிச்சத்தை எவ்வளவு சுலபமாக வாங்கும் என்பதைச் சொல்லும் எண்) 400 என்று போட்டிருக்கும். பந்தலுக்குள் நின்றவர்களின் தலைமுடியும் பின்னாலிருந்த இருட்டும் ஒன்றாகிவிட்டன. ஃபிலிம் பழசு என்று கடைக்காரரைத் திட்டினேன். கோளாறு வெளிச்சம் அளக்கும் என் மீட்டரிலும் ஷட்டரிலும் தெர்மாமீட்டரிலும் இருந்தது.

முதலில் தெர்மாமீட்டர். இல்ஃபோர்ட் தரும் நேரங்கள் 20 டிகிரிக்கு. எச்பி5-க்கு ஐடி-11 என்ற அவர்களுடைய டெவலப்பர் கலக்காமல் ஏழரை நிமிடம், ஒன்றுக்கு ஒன்று தண்ணீர் சேர்த்தால் 13. மே மாதம் சென்னைக் குழாயில் 20 டிகிரிக்கு எங்கே போவது? நான் 24-இல் வேலை செய்கிறேன். ஒரு டப்பில் தண்ணீர், அதில் பாலிதீன் பையில் கட்டிய ஐஸ், நடுவில் டெவலப்பர் பாட்டில். 24-இல் அந்த 13 நிமிடம் சுமார் 9 ஆகிறது. கலக்காத டெவலப்பர் என்றால் ஐந்து நிமிடத்தை ஒட்டி வந்துவிடும். அதற்கும் கீழே போனால் நெகட்டிவ் திட்டுத் திட்டாக வரும். ஆகவே கோடையில் கலந்தே ஊற்றுங்கள். தெர்மாமீட்டர் மேல் சந்தேகமா? வெதுவெதுப்பான தண்ணீரில் காய்ச்சல் பார்க்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டரையும் சேர்த்து வைத்து ஒப்பிடுங்கள். என்னுடையது இரண்டு டிகிரி பொய் சொல்லிக்கொண்டிருந்தது.

சரி, டப்பாவில் போட்ட 400 உங்கள் கருவிகளுக்குப் பொருந்துமா என்ற சோதனைக்கு வருவோம். ஆன்சல் ஆடம்ஸும் ஃப்ரெட் ஆர்ச்சரும் 1939-40 வாக்கில் வகுத்த ஜோன் சிஸ்டம்தான் இதற்கு அடிப்படை, கறுப்பிலிருந்து வெள்ளை வரையுள்ள சாயல்களைப் படிப்படியாகப் பிரித்துக் கணக்கிடும் முறை அது. நெகட்டிவின் கெட்டியை அளக்கும் டென்சிட்டோமீட்டர் வேண்டாம், ஒரு வெள்ளை டர்க்கி டவல் போதும்.

டவலை நிழலில் கொடியில் போட்டு, ஃப்ரேம் முழுக்க அதுவே தெரிகிற மாதிரி நில்லுங்கள். மீட்டர் அதை நடுச் சாம்பலாகவே அளக்கும். அதிலிருந்து நான்கு ஸ்டாப் குறைத்தால் (ஒரு ஸ்டாப் குறைத்தால் வெளிச்சம் பாதியாகும், கூட்டினால் இரட்டிப்பாகும்), கறுப்பிலிருந்து ஒரு நூல் மட்டும் விலகிய நிழல். இதையே மீட்டரில் ஐஎஸ்ஓவை 400, 320, 250, 200, 160 என்று மாற்றி மாற்றி எடுங்கள். லென்ஸை மூடி ஒரு வெற்று ஃப்ரேமும் வேண்டும். கழுவியபின் அந்த வெற்று ஃப்ரேமை, நெகட்டிவைப் பேப்பரில் பெரிதாக்கிக் காட்டும் என்லார்ஜரில் வைத்து, பேப்பர் முழுக் கறுப்பாக எத்தனை வினாடி போதும் என்று பாருங்கள். அதற்கு மேல் ஒரு வினாடிகூட வேண்டாம். அதே வினாடியில் மற்ற ஃப்ரேம்களைப் பிரிண்ட் போட்டால், எந்த எண்ணில் முதன்முதலாகக் கறுப்பிலிருந்து வித்தியாசம் தெரிகிறதோ அதுதான் உங்கள் ஐஎஸ்ஓ. எனக்கு 250-இல் தெரிந்தது. 400 என்று நம்பி எடுத்ததால் பந்தலுக்குள் நிழலுக்கு வெளிச்சம் போதாமல் போனது என்று அப்போதுதான் புரிந்தது.

அப்புறம்தான் டெவலப்பிங் நேரம். இந்த வரிசையை மாற்றாதீர்கள். கண்டுபிடித்த ஐஎஸ்ஓவில், அதே டவலை மூன்று ஸ்டாப் கூட்டி ரோல் முழுக்க எடுத்து, இருட்டில் மூன்று துண்டாக வெட்டிக்கொள்ளுங்கள். (வியர்த்த கையோடு ரீலில் ஏற்றினால் ஃபிலிம் ஒட்டிக்கொண்டு நகராது, ஃபேனடியில் கையை உலர்த்திவிட்டு உட்காருங்கள்.) ஒன்றுக்கு ஒன்று கலந்த டெவலப்பரில், 24 டிகிரியில், ஆறு, ஏழரை, ஒன்பது நிமிடம் என்று தனித்தனியாகக் கழுவி, அதே என்லார்ஜர் வினாடியில் பிரிண்ட் போடுங்கள். ஒன்பதில் என் டவல் வெறும் பேப்பர்தான். ஆறில் அழுக்குத் துண்டு. ஏழரையில் வெள்ளையாகவும் இருந்தது, நூல் சுருள்களும் மெலிதாகத் தெரிந்தன. பேப்பர் காய்ந்தபின் முடிவு செய்யுங்கள், ஈரத்தில் எல்லாமே பளிச்சென்றுதான் இருக்கும்.

டாங்கைக் கவிழ்த்து நிமிர்த்துவதிலும் ஒரே பழக்கம் வேண்டும். நான் நிமிடத்துக்கு நான்கு முறை, முதல் பத்து வினாடிக்குள்.

என் டெவலப்பர் பாட்டிலில் "250 / 24 / ஏழரை" என்று ஒரு ஸ்டிக்கர் இருக்கிறது. அதைப் பார்த்து எழுதிக்கொண்டு போன நண்பர் அடுத்த வாரமே போன் செய்தார், வேட்டி சாம்பலாக வருகிறதாம். அவருடைய என்லார்ஜர் வேறு, மீட்டர் வேறு. ஒரு ரோலும் ஒரு டவலும் எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போகச் சொன்னேன். அவருக்கு 320-உம் எட்டேகால் நிமிடமும் வந்தது.