கேரவன் ஆடினால் காலை எடுங்கள்

கேரவன் (காரின் பின்னால் பூட்டி இழுக்கும் வீட்டு வண்டி) ஆடிய கதை கேட்பது இந்த வருடம் இது மூன்றாவது. வெள்ளவத்தையில் வாகனம் ஓட்டப் பழக்குகிறேன். அதற்கு முன் இங்கிலாந்தில் கேரவன் திருத்தும் கராஜில் பல வருட வேலை. அதனால் லண்டனில் பிள்ளைகளிடம் போகிறவர்கள் புறப்படுமுன் என்னையும் ஒருமுறை எட்டிப் பார்ப்பார்கள். போன கிழமை வந்தவர், போய்த் திரும்பிய பிறகு வந்தார். மோட்டார்வேயில் (அதிவேக வீதியில்) கேரவன் பாம்பு மாதிரி ஆடியதாம். "உடனே அக்சிலேட்டரை அமத்தினேன் தம்பி, இழுத்தால் நேராகும்தானே?" ஆகவில்லை. கேரவன் கவிழ்ந்தது. ஆட்களுக்கு ஒன்றுமில்லை, கடவுள் புண்ணியம்.

இந்த 'இழுத்தால் நேராகும்' எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். பழுதான காரைக் கயிறு கட்டி இழுத்த பழக்கம். கயிறு இறுகினால் பின்வண்டி நேருக்கு வரும், சரி. கேரவன் கயிற்றிலா வருகிறது? காரின் பின்னால் ஓர் இரும்பு உருண்டையில் பூட்டியிருக்கிறது, அதைச் சுற்றித்தான் ஊசலாடுகிறது. ஒரு வேகம் வரைக்கும் அந்த ஆட்டம் தானாக அடங்கும். அதைத் தாண்டினால் ஒவ்வொரு வீச்சும் முந்தியதைவிடப் பெரிதாகும். அக்சிலேட்டரை அமத்துகிறவர் அந்த எல்லையைத் தேடித்தான் ஓடுகிறார். ஸ்டியரிங்கை மறுபக்கம் ஒடிப்பதும் அதே பிழை. கை எப்போதும் பிந்தித்தான் போகும், ஆட்டத்தைக் கூட்டிவிடும். பிரேக்கிலும் ஏறி மிதிக்க வேண்டாம். ஸ்டியரிங்கை நேரே பிடியுங்கள், காலை எடுங்கள், வேகம் தானாக இறங்கட்டும். (அவுஸ்திரேலியாவில் பெரிய கேரவனின் பிரேக்கை மட்டும் தனியாகப் பிடிக்க டிரைவர் கையருகே ஒரு கருவி இருக்கும். இங்கிலாந்தில் அதை எதிர்பார்க்காதீர்கள்.)

ஆட்டம் ஏன் வந்தது என்று துருவினேன். கேரவனின் கடைசிக் கட்டிலுக்குக் கீழே 25 கிலோ அரிசி, தண்ணீர்க் கேன், கறிச்சட்டிகள். "காரின் பின்பக்கம் பதியக்கூடாதே என்றுதான்..." ஐயோ! பாரம் சில்லுகளுக்கு நேர் மேலே, தாழ்வாக இருக்க வேண்டும். உருண்டையில் இறங்கும் பாரம் கேரவனின் மொத்த எடையில் 5 முதல் 7 சதவீதம். 1400 கிலோ கேரவன் என்றால் 70 முதல் 98 கிலோ, அதுவும் உங்கள் காருக்குச் சொல்லியிருக்கும் எல்லைக்குள். முதல் தடவை இழுப்பவர், சாமான் ஏற்றிய கேரவன் வெறுங்காரின் எடையில் 85 சதவீதத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், ஓட்டோமொபைல் அசோசியேஷனில் எடுக்கும் சர்வதேச லைசன்ஸைத் திறந்து பாருங்கள். 'பி' மட்டும் என்றால் 750 கிலோ வரையான சின்ன ட்ரெயிலர்தான். அதற்கு மேல் 'ஈ' பிரிவு வேண்டும். அநேகமான கேரவன்கள் 750ஐத் தாண்டும். டயரில் பூ இருக்கிறது என்று திருப்திப்படாதீர்கள், வயதைப் பாருங்கள்: டயரின் பக்கத்தில் 2317 என்று இருந்தால், செய்தது 2017ஆம் ஆண்டின் 23ஆம் கிழமை. அவ்வளவு பழைய டயர் இனி வேண்டாம். இங்கிலாந்தில் கேரவன் இழுத்தால் வேக எல்லை மோட்டார்வேயில் மணிக்கு 60 மைல், நடுத்தடுப்பில்லாத வீதியில் 50. மூன்று லேன் மோட்டார்வேயில் வலது ஓர லேனுக்குப் போகவே கூடாது. ஓடும்போது பேரப்பிள்ளைகளைக் கேரவனுக்குள் படுக்க விடாதீர்கள், தயவுசெய்து.

புறப்படுமுன் வெறும் கார் பார்க் ஒன்றில் ரிவர்ஸ் பழகுங்கள். பின்னால் நின்று "வரட்டும், வரட்டும்" சொல்லும் அக்கா, கண்ணாடியில் தெரிகிற இடத்தில் நிற்கட்டும்.