கிள்ளக் கிள்ளக் கீரை தழைப்பது எப்படி?

மொட்டை மாடியில் முதன்முதலாக அரைக்கீரை போட்டபோது, இருபத்தைந்தாம் நாள் கத்தரிக்கோலோடு போய் மண்ணை ஒட்டி மொத்தத்தையும் வழித்து அறுத்தேன். ஒரு வேளைக் கடைசலுக்கு அருமையாக வந்தது. அப்புறம் பத்து நாள் தண்ணீர் ஊற்றிக் காத்திருந்ததுதான் மிச்சம். அடிக்கட்டைகள் ஒவ்வொன்றாகக் காய்ந்து போயின. பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்து, "என்ன தம்பி, இப்படி மொட்டை அடிச்சிட்டீங்க? நாலு கணு விட்டில்ல அறுக்கணும்" என்றார். அதே நாளில் அதே விதையைத் தூவிய அவருடைய தொட்டி, மூன்றாவது அறுப்புக்குத் தயாராக நின்றது.

அந்த நாலு கணுவில்தான் விஷயமே இருக்கிறது.

அரைக்கீரைச் செடி ஒன்றைக் கையில் எடுத்து, ஒரு இலையை மெல்லக் கீழே வளைத்துப் பாருங்கள். இலைக்காம்பு தண்டோடு சேரும் இடுக்கில் ரவை அளவுக்கு வெளிறிய பச்சையில் ஒரு புடைப்பு தெரியும். அது கோண மொட்டு. ஒவ்வொரு கணுவிலும் ஒன்று உண்டு. ஒவ்வொன்றும் ஒரு முழுக் கிளையாக வளரக்கூடியது. ஆனால் விதையிலிருந்து முதலில் வந்த இரண்டு வித்திலைகளுக்குக் கீழே தண்டு மழுமழுவென்றிருக்கும். அங்கே கணுவும் இல்லை, மொட்டும் இல்லை. நான் அறுத்தது அங்கேதான். வேர் உயிரோடு இருந்தும் துளிர்ப்பதற்கு ஒன்றும் மிஞ்சவில்லை.

சரி, இத்தனை மொட்டுகள் இருந்தும் கிள்ளும்வரை அவை ஏன் தூங்குகின்றன? செடியின் நுனிக்குருத்து ஆக்சின் என்ற ஹார்மோனைத் தயாரித்துத் தண்டு வழியாகக் கீழே அனுப்பிக்கொண்டே இருக்கிறது. அது வந்துகொண்டிருக்கும்வரை பக்கத்து மொட்டுகள் அடங்கிக் கிடக்கும். 1930களில் கென்னத் திமான், ஃபோல்க் ஸ்கூக் இருவரும் ஒருவகை அவரைச் செடியில் இதைக் காட்டினார்கள். நுனியை வெட்டினால் மொட்டுகள் விழித்தன. வெட்டிய இடத்தில் ஆக்சினை வைத்தபோது, நுனி இன்னும் இருப்பதாக நினைத்ததுபோல மொட்டுகள் மறுபடி அடங்கின.

பள்ளிப் புத்தகம் இதோடு நிறுத்திவிடும். எனக்குப் பிடித்த பகுதி இதற்குப் பிறகுதான் வருகிறது. தண்டில் இறங்கும் ஆக்சின் மொட்டுக்குள் நுழைவதே இல்லை. அப்படியானால் மொட்டை அடக்குவது யார்? பெரும்பாலும் வேரில் உருவாகி மேலே ஏறும் ஸ்ட்ரைகோலாக்டோன் என்ற பொருளுக்கு இதில் பங்கு உண்டு என்பது 2008இல் தெரிந்தது. சோளக்காட்டில் பயிரின் வேரை உறிஞ்சிப் பிழைக்கும் சுடுமல்லிக் களையின் விதையை முளைக்க வைப்பதும் இதே குடும்பத்துப் பொருள்தான். பெயரே அந்தக் களையின் தாவரவியல் பெயரிலிருந்து வந்தது.

இன்னொரு முடிச்சும் இருந்தது. ஆக்சின் தண்டுக்குள் மணிக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர்தான் நகரும். நுனியை வெட்டிய செய்தி ஒரு சாண் கீழே இருக்கும் மொட்டுக்குப் போய்ச் சேர ஒரு நாள் ஆக வேண்டும். மொட்டோ சில மணி நேரத்திலேயே அசைய ஆரம்பித்துவிடுகிறது. ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014இல் பட்டாணிச் செடியில் இதற்கு விடை கண்டார்கள்: சர்க்கரை. வேகமாக வளரும் நுனி, இலைகள் தயாரிக்கும் சர்க்கரையில் பெரும்பங்கை இழுத்துக்கொள்கிறது. நுனி போனதும் அந்தப் பங்கு மொட்டுகளுக்குத் திரும்புகிறது. முதலில் எழுப்புவது சர்க்கரை, எழுந்ததைத் தொடர்ந்து வளரவிடுவது ஆக்சின் இல்லாமை. வெட்டாத செடிக்குச் சர்க்கரையைக் கொடுத்தபோதே மொட்டுகள் அசைந்தன.

அக்காவின் இரண்டாவது விதியும் இப்போது புரிந்துவிடும். அறுக்கும்போது அடியில் நாலைந்து இலையை அவர் விட்டுவைப்பார். மொட்டு விழிக்கச் சர்க்கரை வேண்டும், சர்க்கரைக்கு இலை வேண்டும். எல்லா இலையையும் உருவிவிட்டால் வேரிலும் தண்டிலும் இருக்கும் சொற்பச் சேமிப்பை வைத்துத்தான் செடி மீள வேண்டும். "நான் என்ன கிள்ளுக்கீரையா?" என்று கோபப்படுகிறவர்கள் இந்தச் செடியின் கெட்டிக்காரத்தனத்தைக் கவனித்ததில்லை போலும். கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் கோ 3 ரகம் கிள்ளுவதற்கென்றே தேர்ந்தெடுத்தது. விதைத்த இருபதாம் நாளிலிருந்து வாரம் ஒருமுறை என்று பத்துத் தடவை வரை கிள்ளலாம். ஒவ்வொரு தடவையும் இலையோடு தழைச்சத்தும் போய்விடுவதால், ஒவ்வொரு அறுப்புக்கும் ஒரு கைப்பிடி மண்புழு உரம் போடுவது நல்லது.

ஆசைப்பட்டு ஒருமுறை பாக் சொய் என்ற சீனக் கீரையும் பாலக்கும் பங்குனியில் விதைத்துப் பார்த்தேன். இரண்டும் மதிய வெயிலில் துவண்டு விழுந்தன. பக்கத்துத் தொட்டி அரைக்கீரை அசரவே இல்லை. காரணம், கரியமில வாயுவைப் பிடிக்கும் ருபிஸ்கோ என்ற நொதி வெப்பம் ஏறினால் தடுமாறும். கரியமில வாயுவுக்குப் பதில் ஆக்சிஜனை அடிக்கடி பிடித்துவிடும், அதைச் சரிசெய்யவே செடிக்குச் சக்தி விரயமாகும். கீரைத்தண்டு, அரைக்கீரை, சிறுகீரை எல்லாம் அமராந்தஸ் பேரினத்தைச் சேர்ந்தவை. இவை கரும்பு, சோளத்தைப் போல, இலை நரம்புகளைச் சுற்றியுள்ள செல்களுக்குள் கரியமில வாயுவைத் திணித்து அடர்த்தியாக்கி, அங்கே மட்டும் ருபிஸ்கோவை வேலை செய்ய விடுகின்றன. அந்த வாயு குறைவாக இருந்தாலே போதும் என்பதால் இலைத்துளைகளை அதிகம் திறக்க வேண்டியதில்லை, தண்ணீரும் மிச்சம். சமவெளியில் பாக் சொய் ஆசை உள்ளவர்கள் கார்த்திகை, மார்கழிக்குக் காத்திருப்பது உத்தமம்.

அதே கார்த்திகையில் அமராந்தஸ் வேறு தொல்லை தரும். இதன் பல ரகங்கள் பகல் குறுகினால் சீக்கிரம் பூத்துவிடும். சென்னையில் ஆனிக்கும் மார்கழிக்கும் பகல்பொழுதில் சுமார் ஒன்றரை மணி நேரம்தான் வித்தியாசம். அதையும் செடி கவனித்துவிடுகிறது. வேர் காய்ந்தாலும் தொட்டி போதாமல் நெருங்கினாலும் இதே அவசரம் வரும். நுனி கதிராக மாறிய கிளை புதிய இலைகளை நிறுத்திவிடும், தண்டு நாராகும். ஒன்றிரண்டு செடிகளை மட்டும் விதைக்கு விட்டு மற்றதைப் பிடுங்கிவிடலாம். கதிரைக் கசக்கி ஊதினால் உள்ளங்கையில் கறுத்து மினுங்கும் விதைகள் மிஞ்சும். ஒரு கிராமில் ஆயிரத்துக்கும் மேல் இருக்கும். மணல் கலந்து தூவவில்லை என்றால் எல்லாம் ஒரே இடத்தில் விழும். எறும்பு இழுத்துக்கொண்டு போகாமலிருக்க ஓரத்தில் கொஞ்சம் நொய்யைத் தூவுவது அக்காவின் வழி. இலையடியில் வெள்ளைக் கொப்புளம் வருவது வெண்துரு என்ற பூஞ்சை போன்ற நுண்ணுயிரால். பூவாளியால் மேலே ஊற்றாமல் மண்ணில் ஊற்றினால் பெரும்பாலும் தப்பிக்கலாம்.

எந்த நேரத்தில் அறுப்பது என்பதில் எனக்கும் அக்காவுக்கும் இன்னும் ஒத்துப்போகவில்லை. காலையில் அறுத்தால்தான் கீரை முறுக்காக இருக்கும் என்பது அவர் கட்சி. அது உண்மை. இரவெல்லாம் வேர் உறிஞ்சிய தண்ணீர் செல்களை விறைப்பாக வைத்திருக்கும். நான் சாயங்காலக் கட்சி. பகல் முழுக்கச் சேர்ந்த சர்க்கரை இலையில் இருக்கும். இலையிலுள்ள நைட்ரேட்டைப் புரதமாக மாற்றும் வேலைக்கு வெளிச்சம் தேவை என்பதால், வெயில் பார்த்த இலையில் நைட்ரேட்டும் பொதுவாகக் குறைந்திருக்கும். ஐந்து மணிக்குத் தண்ணீர் காட்டி, ஆறு மணிக்குக் கணு எண்ணி அறுத்து, ஈரத் துணியில் சுற்றி வைக்கிறேன். ராத்திரியில் கீரை ஆக்கக் கூடாது என்ற கட்டுப்பாடு எங்கள் வீட்டில் இருப்பதால், அது எப்படியும் மறுநாள் மதியம்தான் அடுப்பேறும்.