ஒரு நாள் சேவைக்கு ஆள் அனுப்பும் கம்பெனிகளுக்கு

குழந்தைகள் இல்லங்களோடு வேலை செய்கிற சமூகப் பணியாளர் நான். கொஞ்சம் கோபத்தோடுதான் இதை எழுதுகிறேன். போன மாதம் ஒரு கம்பெனியிலிருந்து ஊழியர்கள் சனிக்கிழமை ஒரு நாள் சேவை என்று வந்தார்கள். நல்ல பிள்ளைகள், குழந்தைகளோடு நன்றாகத்தான் விளையாடினார்கள். போட்டோ எடுக்கக் கூடாது என்று வாசலிலேயே சொல்லித்தான் உள்ளே விட்டோம். மறுநாள் காலையில் பார்த்தால் லிங்க்ட்இனில் படம். ஒரு பெண் குழந்தையின் முகம் பளிச்சென்று தெரிகிறது, பின்னால் இல்லத்தின் பெயர்ப் பலகையும் தெரிகிறது. யாரிடமிருந்து காப்பாற்றுவதற்காகக் குழந்தைகள் நலக் குழு அவளை எங்களிடம் அனுப்பியதோ, அந்த ஆளின் வீட்டிலிருந்து அந்த வாரமே இல்லத்துக்கு போன் வந்துவிட்டது. பத்தாம் வகுப்பு படிக்கிற பிள்ளையை வருஷ நடுவில் வேறு ஊர் இல்லத்துக்கு, வேறு பள்ளிக்கு மாற்ற வேண்டியதாகிவிட்டது.

படத்தை எடுத்துவிட்டார்கள், மன்னிப்பும் கேட்டார்கள். சட்டம் இருப்பது தெரியாது என்றார்கள். தெரிந்துகொள்ளுங்கள். இளைஞர் நீதிச் சட்டம் 2015, பிரிவு 74. பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தையின் பெயர், முகவரி, பள்ளி, படம் என்று அடையாளம் காட்டக்கூடிய எதையும் வெளியிடக் கூடாது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பத்திரிகைக்கு மட்டும் போட்ட சட்டம் என்று நினைக்காதீர்கள், உங்கள் ஆபீஸ் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸும் இதில் வரும். முகத்தின் மேல் ஸ்மைலி ஒட்டிவிட்டோமே என்பார்கள். யூனிஃபார்ம் தெரிகிறது, பெயர்ப் பலகை தெரிகிறது, இடத்தின் பெயரையும் டேக் செய்திருக்கிறீர்கள், தேடுகிறவனுக்கு அது போதும்.

சரி, இது சட்டம், சொன்னால் கேட்டுக்கொள்வார்கள். என்ன சொன்னாலும் போகாத எண்ணம் ஒன்று இருக்கிறது. தேதியை மாற்ற முடியுமா, ஆளைக் குறைக்க முடியுமா என்று கேட்டால் ஹெச்.ஆரிலிருந்து வருகிற பதில் எப்போதும் ஒன்றுதான்: "நாங்க ஃப்ரீயாத்தானே வர்றோம், உங்களுக்கு என்ன செலவு?"

செலவு இருக்கிறது. விவரமாகவே சொல்கிறேன். அறுபது பேர் வருகிறீர்கள் என்றால் வார விடுப்பில் இருக்க வேண்டிய பராமரிப்பாளர்களையும் வரச் சொல்ல வேண்டும், ஏனென்றால் புது ஆட்கள் அத்தனை பேர் நடமாடுகிற இடத்தில் குழந்தைகளைக் கண்காணிக்க இருக்கிற ஆள் போதாது. சனிக்கிழமை கணக்கு சொல்லிக்கொடுக்க வருகிற டீச்சரை வர வேண்டாம் என்று சொல்ல வேண்டும், ஹாலில் உங்கள் விளையாட்டு நடக்கும் என்பதால். அப்படி ஒரு நாள், திங்கட்கிழமை காலாண்டுத் தேர்வை வைத்துக்கொண்டு ஒரு பெண் மாடிப்படியில் உட்கார்ந்து காதைப் பொத்திக்கொண்டு படித்தாள், கீழே மைக்கில் பாட்டுக்குப் பாட்டு நடந்துகொண்டிருந்தது. குடிதண்ணீர் கேன், கழிவறை, மதியச் சாப்பாடு, மறுநாள் குப்பை அள்ளுவது, எல்லாமே இல்லத்தின் கணக்கில்தான்.

பெயின்ட் அடிப்பதைத் தனியாகச் சொல்ல வேண்டும். அக்டோபர் 2 முதல் 8 வரை நடக்கிற ‘தான் உத்சவ்’ என்கிற கொடை வாரத்தில் ஒரு கம்பெனி வந்து அடித்த சுவரிலேயே மார்ச்சில் இன்னொரு கம்பெனி வந்து அடிக்கிறது. பழைய பெயின்ட்டைச் சுரண்டாமல், பட்டி பார்க்காமல், பிரைமர் இல்லாமல் அடித்தால் அடுத்த மழைக்கு உரிந்துவிடுகிறது, அதைச் சுரண்டுவதற்கு நாங்கள் ஆள் வைக்க வேண்டியிருக்கிறது. உங்கள் டி-ஷர்ட், பேனர், பஸ் வாடகைக் காசில் பக்கத்துத் தெரு பெயின்டர்களைக் கூப்பிட்டிருந்தால் ஒழுங்காக அடித்துக் கொடுத்திருப்பார்கள், அவர்களுக்கும் கூலி கிடைத்திருக்கும்.

பில்லில் வராத செலவும் உண்டு. "அக்கா, அடுத்த வாரம் வருவீங்களா?" என்று ஆறு வயசுக் குழந்தை கேட்கும். "கண்டிப்பா வருவேன்" என்று நீங்கள் சொல்வீர்கள். அது அடுத்த சனிக்கிழமை காலையிலேயே தலை சீவிப் பொட்டு வைத்துக்கொண்டு கேட் பக்கம் போய் உட்கார்ந்துவிடும். ஏற்கெனவே பெரியவர்கள் விட்டுப்போன குழந்தை அது. அன்று ராத்திரி அதைத் தூங்கவைக்கிற பராமரிப்பாளரிடம் கேட்டுப் பாருங்கள், செலவு என்னவென்று சொல்வார்.

சி.எஸ்.ஆர்., அதாவது கம்பெனிகள் சமூகப் பொறுப்புக்காகச் செய்ய வேண்டிய செலவு, அந்தக் கணக்கைப் பற்றியும் கொஞ்சம். கம்பெனிகள் சட்டம் 2013, பிரிவு 135 எல்லோருக்கும் தெரியும்: நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி, இதில் ஒன்றைத் தொட்டாலும் முந்தைய மூன்று வருஷ சராசரி லாபத்தில் 2 சதவீதம் செலவு செய்ய வேண்டும். ஊழியர்கள் சேவை செய்த நேரத்தைச் சம்பளத்தால் பெருக்கி அந்த 2 சதவீதத்தில் சேர்க்க முடியாது, கார்ப்பரேட் விவகார அமைச்சகம் 2021 ஆகஸ்டில் வெளியிட்ட விளக்கத்தில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. மாரத்தான் போன்ற ஒரு நாள் நிகழ்ச்சிகள் சி.எஸ்.ஆர். ஆகாது என்பதை 2014-லேயே சொல்லிவிட்டார்கள். அப்புறம் அந்த 5 சதவீதம்! "சட்டப்படி நிர்வாகச் செலவு 5 சதவீதத்துக்கு மேல் தர முடியாது, அதனால் உங்கள் வார்டன் சம்பளத்துக்குத் தர மாட்டோம்" என்று எத்தனை கூட்டத்தில் கேட்டிருக்கிறேன். அந்த உச்சவரம்பு உங்கள் கம்பெனிக்குள் சி.எஸ்.ஆர். பிரிவை நடத்துகிற பொது நிர்வாகச் செலவுக்கு. திட்டத்தை நேரடியாக நடத்துகிறவர்களின் சம்பளம் அதில் வராது. குழந்தையைக் குளிப்பாட்டி, பள்ளிக்கு அனுப்பி, காய்ச்சல் வந்தால் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போகிறவர் சம்பளம்தான் இங்கே திட்டமே. தயவுசெய்து உங்கள் ஆடிட்டரிடம் இந்த விதியை ஒரு தடவை படிக்கச் சொல்லுங்கள்.

அப்படியானால் வரவே கூடாதா? வாருங்கள், ஆனால் முதலில் என்ன தேவை என்று கேளுங்கள், பதில் வந்த பிறகு தேதி குறியுங்கள். அறுபது பேர் ஒரு நாள் வருவதைவிட நான்கு பேர் ஒரு வருஷம் முழுக்க மாதம் இரண்டு சனிக்கிழமை வருவது பெரிய உதவி. அந்த நான்கு பேரும் போலீஸ் சரிபார்ப்புச் சான்றோடு வர வேண்டும், இதில் கோபித்துக்கொள்ள எதுவுமில்லை. உங்கள் அக்கவுன்ட்ஸ் பிரிவில் இருப்பவர் ஏப்ரல், மே மாதங்களில் வந்து உட்கார்ந்தால் நான் கையெடுத்துக் கும்பிடுவேன். நன்கொடையாளர் விவரங்களை வருமான வரித் துறையிடம் மே 31-க்குள் தாக்கல் செய்ய வேண்டும், தவறினால் நாளொன்றுக்கு 200 ரூபாய் தாமதக் கட்டணம். சின்ன இல்லங்கள் பலவற்றில் சமையல் கணக்கு எழுதுகிறவரே இதையும் பார்க்கிறார். வயரிங் பார்க்கத் தெரிந்தவர், பிளஸ் டூ முடித்தவர்களுக்குக் கல்லூரி விண்ணப்பம் போடத் தெரிந்தவர், நேர்காணலுக்குத் தயார்செய்யத் தெரிந்தவர், இவர்களெல்லாம் உங்கள் ஆபீஸிலேயே இருக்கிறார்கள்.

பணமாகத் தருவதென்றால் விருப்பப்படும் ஊழியர்களின் சம்பளத்திலிருந்து மாதாமாதம் சின்னத் தொகை பிடித்து, கம்பெனியும் அதே அளவு போட்டுத் தரலாம். மாதம் தவறாமல் வருகிற பணத்தை நம்பித்தான் ஒருவரை வேலைக்கு வைக்க முடியும். ஊழியர்களுக்கு ஒன்று சொல்லிவிடுங்கள்: நன்கொடைக்கான வரிச்சலுகை (80ஜி என்று சொல்வார்கள்) பழைய வரி முறையில் இருப்பவர்களுக்குத்தான், ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் அதுவும் கிடைக்காது.

வருகிற அன்று போன்களை ஆபீஸ் அறையில் வைத்துவிடுங்கள். அப்பா அம்மா எங்கே என்று எந்தக் குழந்தையையும் கேட்காதீர்கள். எவ்வளவு பிரியம் வந்தாலும் எந்தக் குழந்தையையும் தனியாக எங்கும் கூட்டிப்போகாதீர்கள், உங்கள் நம்பரைக் கொடுக்காதீர்கள். கல்யாண மண்டபத்தில் மிஞ்சிய சாப்பாடு வேண்டவே வேண்டாம். திரும்பி வருவது உறுதியாக இருந்தாலொழிய வருவேன் என்று சொல்லாதீர்கள்.

இன்னொன்று, இது எல்லாவற்றுக்கும் முன்னால் செய்ய வேண்டியது. நீங்கள் போகிற இல்லம் இளைஞர் நீதிச் சட்டம் பிரிவு 41-ன் கீழ் பதிவானதா என்று மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் கேளுங்கள். பதிவில்லாமல் நடக்கிற இடம் என்று தெரிந்தால் அன்றைக்கே குழந்தைகள் உதவி எண் 1098-க்கு போன் செய்யுங்கள், பஸ் புக் செய்திருந்தாலும் அங்கே போகாதீர்கள்.