முன்கண்ணாடியின் மூலையைப் படியுங்கள்

போன இலையுதிர் காலத்தில் ஒருவர், தம் வீட்டுக் கராஜிலேயே கட்டி முடித்த காரை டிரெய்லரில் ஏற்றி எங்கள் பட்டறைக்குக் கொண்டுவந்தார். லோட்டஸ் செவன் வடிவிலான, தாழ்ந்த, கூரையில்லாத இருவர் கார். நான்கு ஆண்டு உழைப்பு. பிரேக் குழாய்கள் நூல் பிடித்ததுபோல் ஓடின. ஆனால் ஐவிஏ எனும், தனி வாகனங்களுக்கான அரசு ஒப்புதல் ஆய்வில் தேறவில்லை. காரணம் முன்கண்ணாடி.

பிரிட்டனில் கிட் கார், அதாவது பாகங்களாக வாங்கித் தாமே பூட்டும் கார், கட்டுகிறவர் யாரானாலும், அதைப் பதிவு செய்வதற்கு முன் இந்த ஆய்வைக் கடந்தாக வேண்டும். 2009 முதல் இருக்கும் முறை இது. வாகனக் கண்ணாடி பூட்டுவதே என் தொழில். இப்படிக் கடைசிக் கட்டத்தில் கண்ணாடியால் மாட்டிக்கொண்டு வருகிறவர்களைத் தொடர்ந்து பார்க்கிறேன். ஒவ்வொரு முறையும் மனம் கஷ்டப்படுகிறது.

"இதில் தர முத்திரை இருக்கிறதே?" என்று அவர் மூலையைக் காட்டினார். டார்ச் அடித்துப் பார்த்தேன். இருந்தது, பிஎஸ் 6206 என்ற பிரிட்டிஷ் தர எண் பொறித்திருந்தது. அது வீட்டுக் கதவுக்கும் சன்னலுக்குமான கண்ணாடித் தரம். செவன் வடிவக் காரின் முன்கண்ணாடி தட்டையானது என்பதால், ஊரிலுள்ள சன்னல் கண்ணாடிக் கடையில் அளவு கொடுத்து வெட்டி வாங்கிவிட்டார். லேமினேட்டட் கண்ணாடிதான், ஏமாற்று எதுவும் இல்லை. ஆனாலும் அது காருக்கான கண்ணாடி இல்லை.

வித்தியாசம் நடுவில் இருக்கிறது. லேமினேட்டட் கண்ணாடி என்பது இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு இடையே பிவிபி என்ற பிளாஸ்டிக் படலத்தை வைத்து ஒட்டியது. கட்டடங்களுக்கு விற்கும் 6.4 மி.மீ. கண்ணாடியில் அந்தப் படலம் 0.38 மி.மீ. கார் முன்கண்ணாடியில் வழக்கமாக 0.76 மி.மீ. கையில் பிடித்துப் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். ஒரு காலத்தில் கார்களிலும் மெல்லிய படலமே இருந்தது. மோதலில் தலை அதைக் கிழித்துக்கொண்டு வெளியே போய், உடைந்த விளிம்பு முகத்தையும் கழுத்தையும் அறுத்தது. அதனால்தான் 1966 வாக்கில் அமெரிக்கக் கார்களில் படலத்தின் தடிமனை இரட்டிப்பாக்கினார்கள். தடித்த படலம் கிழியாமல் வலைபோல் உள்வாங்கித் தலையைப் பிடித்துக்கொள்கிறது. வாகனக் கண்ணாடிக்கான ஐரோப்பிய விதி 43-இன் சோதனையில் 10 கிலோ எடையுள்ள செயற்கைத் தலையை 1.5 மீட்டர் உயரத்திலிருந்து கண்ணாடிமேல் போட்டுப் பார்க்கிறார்கள். கார் கண்ணாடியின் மூலையில் இருக்கும் முத்திரைக்கு இப்படிப்பட்ட சோதனைதான் பொருள்.

ஆகவே மூலையில் நீங்கள் தேட வேண்டியது இதுதான்: ஒரு வட்டம், அதற்குள் ஆங்கில 'ஈ' எழுத்தும் ஓர் எண்ணும். 11 என்றால் பிரிட்டன் அங்கீகரித்தது, 1 என்றால் ஜெர்மனி. அருகில், அந்த விதி 43-ஐக் குறிக்கும் 43ஆர் என்று தொடங்கும் எண். கூடவே ரோமன் எண் இருக்கிறதா என்றும் பாருங்கள்: இரண்டு என்றால் சாதாரண லேமினேட்டட் முன்கண்ணாடி, ஒன்று என்றால் டஃபன்டு, அதாவது சூடாக்கிக் குளிர்வித்துக் கடினமாக்கிய கண்ணாடி. டஃபன்டு கண்ணாடி கல் பட்டால் முழுதும் பொடிப்பொடியாக விரிசலிட்டு வெளுத்துவிடும். நெடுஞ்சாலை வேகத்தில் எதிரே ஒன்றும் தெரியாது. கிட் காரில் அதைப் பூட்டச் சொல்லி யார் கேட்டாலும் நான் மறுத்துவிடுவேன். பெர்ஸ்பெக்ஸ் எனும் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தகடும் வேண்டாம். வைப்பர் ஓடி ஓடிக் கீறல் விழும். இரவில் எதிர் விளக்கின் ஒளி அதில் சிதறிக் கண்ணை மறைக்கும்.

இன்னொரு தவறும் அடிக்கடி வருகிறது. முறையான முத்திரையுள்ள கண்ணாடியை வாங்குவார்கள், அதைப் பொருத்தும் சட்டத்தின் (ஃபிரேம்) உயரம் குறைவு என்று கீழ்ப்பக்கத்தை வெட்டுவார்கள். லேமினேட்டட் கண்ணாடியை வெட்ட முடியும். இருபக்கமும் கீறி, பிளந்து, படலத்தைக் கத்தியால் அறுக்க வேண்டும். ஆனால் முத்திரை பெரும்பாலும் கீழ் மூலையில்தான் இருக்கிறது! வெட்டிய துண்டோடு அது போய்விடும். துண்டைப் பத்திரமாக எடுத்து வைத்து ஆய்வாளரிடம் காட்டினால் ஆயிற்று என்று ஒருவர் நம்பிக்கொண்டிருந்தார். ஆய்வாளர் பார்ப்பது காரில் இருக்கும் கண்ணாடியை. வெட்டிய விளிம்பைச் சரியாகத் தேய்க்காவிட்டால், அங்கிருந்தே பின்னால் விரிசலும் ஓடும். எனவே கண்ணாடியை முதலில் வாங்குங்கள். சட்டத்தை அதன் அளவுக்குக் கட்டுங்கள்.

முன்கண்ணாடி வைத்தால் வைப்பர், தண்ணீர் பீச்சும் கருவி, பனிமூட்டம் நீக்கும் ஏற்பாடு மூன்றும் வேண்டும். சிறிய கார்களில் சூடான காற்றுக் குழாய்க்கு இடமிருக்காது. உள்ளே மெல்லிய கம்பியோடும் சூடேறும் கண்ணாடியே வசதி. கூலிங் ஃபிலிம் ஒட்டும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள்: முன்கண்ணாடி 75 சதவீத ஒளியையும், ஓட்டுநரின் இருபக்கக் கண்ணாடிகள் 70 சதவீதத்தையும் உள்ளே விட வேண்டும்.

செவன் காரருக்கு முத்திரையுள்ள சூடேறும் கண்ணாடியை வரவழைத்தோம். பழைய சட்டத்தின் ரப்பர் பட்டை அகலமானது. அப்படியே பூட்டியிருந்தால் முத்திரை அதற்குள் ஒளிந்திருக்கும். அதனால் வெறும் சட்டத்தில் கண்ணாடியை நிறுத்தி, ரப்பர் எங்கே வந்து முடியும் என்று சாக்பீஸால் கோடு போட்டோம். முத்திரை பாதிதான் தெரிந்தது. ஒல்லியான ரப்பர் வாங்கிவர அவரே கிளம்பினார்.