உடைந்த இடத்தில் தெரியும் உண்மை

இணைய ஏலத்தில் பழைய எகிப்துப் பொருள் தேடினால் சட்டென்று கண்ணில் படுவது உஷப்தி. கைகளை மார்பில் கட்டி நிற்கும் சின்ன உருவம். மறுமையில் இறந்தவரை வயல்வேலைக்குக் கூப்பிட்டால், அவருக்குப் பதிலாக "இதோ வந்தேன்" என்று போக வேண்டிய ஆள் அது. ஒரு காலத்தில் நாளுக்கு ஒன்றாக 365, மேற்பார்வைக்கு 36 என ஒருவர் கல்லறையிலேயே 401 வைத்தார்கள். துட்டன்காமனுக்கு 413. இத்தனை செய்ததால் அசலும் விற்பனைக்கு வருகிறது, அதன் கூடவே போலியும் வருகிறது.

படத்தைப் பெரிதாக்கி நான் முதலில் தேடுவது உடைந்த இடத்தை. நீலப்பச்சை உஷப்திகள் ஃபயான்ஸ் என்ற பொருளால் ஆனவை. களிமண் போலத் தெரிந்தாலும் அது களிமண் இல்லை. குவார்ட்ஸ் தூளில் கொஞ்சம் சுண்ணாம்பு, தாவரச் சாம்பல் அல்லது நாட்ரான் உப்பு, செம்புத்தாது எல்லாம் கலந்து பிசைவார்கள். உருவம் காயும்போது, ஈரச் சுவரில் உப்புப் பூப்பது போல, உள்ளே இருக்கும் உப்பு நீரோடு மேலே வந்து படியும். சூளையில் அது குவார்ட்ஸோடு உருகிக் கண்ணாடியாகும், செம்பு நிறம் தரும். அதனால் மூக்கோ பாதமோ உடைந்திருந்தால் உள்ளே வெளிறிய, சர்க்கரைக் கட்டி உடைந்தது போன்ற மணல்மணலான பரப்பு தெரிய வேண்டும். மாவு போல நைசாக இருந்தால் பிளாஸ்டர். குமிழ் ஓட்டைகள் இருந்தால் பிசின் வார்ப்பாக இருக்கலாம்.

அப்புறம் எழுத்து. பறவையும் மனிதனும் வரி தொடங்கும் பக்கம் பார்ப்பது சித்திர எழுத்தின் வழக்கம். ஒரே வரியில் ஆந்தை ஒரு பக்கமும் மனிதன் மறுபக்கமும் பார்த்தால் சந்தேகப்படலாம். பழைய எழுத்தர்களும் பிழை விட்டிருக்கிறார்கள்தான். ஆனால் அசலில் பெரும்பாலும் ஒசிரிஸ் (இறந்தோரின் கடவுள்) என்ற சொல்லும் அதையடுத்து இறந்தவர் பெயரும் வாசிக்கக் கிடைக்கும். போலியில் வடிவங்கள் மட்டும் வரிசையாக நிற்கும்.

எழுத்துப் பிழையால் ஒரு பெரிய மோசடியே அவிழ்ந்தது. 2003இல் இங்கிலாந்தின் போல்டன் அருங்காட்சியகம், தலையும் கைகளும் இல்லாத, அமர்னா என்ற பழைய எகிப்துத் தலைநகரின் இளவரசி என்று சொல்லப்பட்ட சிலையை 4,40,000 பவுண்டுக்கு வாங்கியது. ஷான் கிரீன்ஹால் என்பவர் செதுக்கிய போலி அது. நிபுணர்களே நம்பினார்கள், ஏனென்றால் அவர் குடும்பத்தார் காட்டிய 1892ஆம் ஆண்டு ஏலப் பட்டியல் அசல். அதில் எகிப்திய உருவங்கள் என்று பொதுவாக மட்டுமே இருந்தது, எந்தச் சிலையையும் அதற்குப் பொருத்திவிடலாம். பிறகு அதே குடும்பம் கொண்டுவந்த அசீரியப் (பழைய ஈராக்) புடைப்புச் சிற்பத்தில், ஆப்பு வடிவக் கோடுகளால் ஆன ஆப்பெழுத்தில் பிழை இருப்பதைப் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தார் கவனித்தார்கள். 2007இல் ஷானுக்கு நான்கு ஆண்டு எட்டு மாதச் சிறை.

அதனால், "தாத்தா 1920களில் வாங்கினார்" என்று விற்பவர் சொன்னால் எனக்கு அது போதாது. அந்தப் பொருளையே, அதே கீறலோடு காட்டும் பழைய புகைப்படமோ அளவு குறித்த ரசீதோ வேண்டும். எகிப்து 1983ஆம் ஆண்டின் 117ஆம் எண் சட்டத்தால் தொல்பொருள் வணிகத்தை நிறுத்திவிட்டது. அதற்கு முன்பே வெளியே வந்ததற்குக் காகிதம் இல்லையென்றால், போலியைவிட மோசமான சந்தேகம் ஒன்று எழுகிறது. பொருள் அசலாகவே இருந்து, யாரோ ஒருவரின் கல்லறையை அண்மையில் தோண்டி எடுத்ததாக இருக்கலாம்.