என்கோடிங் - குறியேற்றம்

ஒரு கோப்பைத் திறக்கிறோம். தமிழ் இருக்க வேண்டிய இடத்தில் கொக்கியும் கோடுமாக என்னவோ நிற்கிறது. உடனே "ஃபான்ட் கோளாறு" என்போம். எழுத்துரு இல்லாவிட்டால் பெரும்பாலும் வெறும் கட்டங்கள்தான் தெரியும். கொக்கி தெரிந்தால் சந்தேகப்பட வேண்டியது என்கோடிங்கை, அதாவது எழுத்தை எண்ணாக்கி வைக்கும் முறையை.

இந்தச் சொல்லின் வேர் மரத்தில் இருக்கிறது. லத்தீனில் காடெக்ஸ் என்றால் அடிமரம். மெழுகு பூசிய மரப்பலகைகளைச் சேர்த்துக் கட்டி எழுதியதால் கோடெக்ஸ் என்பது ஏட்டுக்கட்டு ஆனது. அப்புறம் சட்டத் தொகுப்பு, கடைசியில் கோட், அதாவது குறிகளின் தொகுப்பு. அதற்குள் ஒன்றைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது என்கோடிங்.

கணினிக்கு எழுத்து தெரியாது, எண்தான் தெரியும். அதனால் ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண். 1963இல் வந்த ஆஸ்கி என்ற எண் அட்டவணை 7 பிட்டுகளில் (பிட் என்றால் ஒரு 0 அல்லது 1) 128 இடங்களை வைத்தது. ஆங்கிலத்துக்கு அது போதும். கணினி சேமிக்கும் அலகான ஒரு பைட்டில் 8 பிட் உண்டு, ஆக 256 இடம். மிச்சமிருந்த மேல்பாதியில் ஆளுக்கொரு மொழியைக் குடியேற்றினார்கள். தமிழுக்குத் திஸ்கி அப்படி வந்ததுதான். ஒரே எண்ணுக்கு ஒருவர் கணினியில் ஓர் எழுத்து, இன்னொருவர் கணினியில் வேறெழுத்து. கொக்கிகள் பிறந்த இடம் இதுதான்.

எல்லா மொழி எழுத்துகளுக்கும் ஒரே அட்டவணையில் தனித்தனி எண் தரும் ஒருங்குறி (யூனிகோட்) இதைத் தீர்த்தது. 1991இல் வந்த முதல் பதிப்பிலேயே தமிழ் இருக்கிறது. அதில் 'அ' என்பதன் எண் 2949. சரி, 255க்கு மேல் போகாத பைட்டில் 2949ஐ எப்படி வைப்பது? 1992இல் கென் தாம்சனும் ராப் பைக்கும் வகுத்த யூடிஎஃப்-8 அதை 224, 174, 133 என்று மூன்று பைட்டுகளாகப் பிரித்து வைக்கிறது. ஆங்கில எழுத்துகள் பழையபடி ஒரே பைட்டில் அடங்கும். 'தமிழ்' என்பது நம் கண்ணுக்கு மூன்றெழுத்து. கணினிக்கு த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து, அதாவது 15 பைட். எண் கொடுப்பது ஒரு வேலை, அந்த எண்ணைப் பைட்டாக்குவது இன்னொரு வேலை. இரண்டையும் என்கோடிங் என்றே சொல்வதால்தான் பாதிக் குழப்பம்.

தமிழில் என்ன சொல்லலாம்? குறியாக்கம் என்ற சொல் பரவலாக இருக்கிறது. ஆனால் ரகசியமாகப் பூட்டி வைக்கும் என்க்ரிப்ஷனுக்கும் அதையே எழுதுகிறார்கள். 'அ'வை 2949 ஆக்குவதில் ரகசியம் ஏதுமில்லை. அட்டவணை ஊருக்கே தெரியும். பூட்டும் வேலைக்கு மறையாக்கம் என்ற நல்ல சொல் தனியாக இருக்கிறதே!

என் கை குறியேற்றம் பக்கம்தான். நூல் அச்சேறுகிறது, நாடகம் அரங்கேறுகிறது என்கிறோம். பொருள் மாறுவதில்லை, அது ஏறி நிற்கும் இடம்தான் மாறுகிறது. எழுத்து எண்ணின் மேல் ஏறுவதும் அப்படியே. கணித்தமிழ் ஆட்கள் புழங்கும் சொல்லும்கூட. 'எழுத்துக் குறியேற்றம்' என்று எழுதினால் சந்தேகமே வராது.

டிகோடிங்? ஏற்றியதை இறக்குவதால் குறியிறக்கம் என்று சொல்லிப் பார்க்க ஆசை. கேட்டவர்கள் சிரிக்கிறார்கள்.