சோல்ஃபேஜ்: சொல்லும் பொருளும் தமிழும்

தாளில் எழுதியிருக்கும் இசையைப் பார்த்த மாத்திரத்தில், சுரப்பெயர்களைச் சொல்லி, சுருதியும் தாளமும் பிசகாமல் பாடும் பயிற்சிதான் சோல்ஃபேஜ். பிரெஞ்சு இசைக்கல்வியின் அடித்தளம் இது. பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பிரெஞ்சு இசையமைப்பாளர் எவருடைய வாழ்க்கைக் குறிப்பை எடுத்தாலும் முதல் சில பக்கங்களுக்குள் இந்தச் சொல் வந்துவிடும். தமிழில் எழுதும்போது 'சரளி வரிசை' என்று போட்டுவிடக் கை துடிக்கும். அது பொருந்தாது. ஏன் என்பதைப் பின்னால் பார்ப்போம்.

முதலில் எழுத்துக்கூட்டல். பிரெஞ்சு ஒலிப்பில் முதல் உயிர் குறில்தான். ஆனால் 'சொல்ஃபேஜ்' என்று எழுதினால் கண் அதைச் 'சொல்' என்றே பிரித்துப் படிக்கும். நெடிலாக எழுதுவதே நல்லது. சுரப்பெயரையும் 'சோல்' என்றுதான் எழுதுகிறோம், ஆக இரண்டும் ஒத்துப்போகும்.

பிறப்பு எளிது. சோல், ஃபா என்ற இரண்டு சுரப்பெயர்களை ஒட்டி இத்தாலியர் ஆக்கிய சொல் சோல்ஃபெஜ்ஜோ. அதன் பிரெஞ்சு வடிவம் சோல்ஃபேஜ். நம்மவர் 'சரிகம பாடுதல்' என்று சொல்வதைப் போன்ற ஆக்கம். சுரம் சொல்லிப் பாடுவதைக் குறிக்கும் 'சோல்ஃபியே' என்ற வினைச்சொல் பிரெஞ்சில் மிகப் பழையது. பெயர்ச்சொல் பதினெட்டாம் நூற்றாண்டில் பாட்டுக் கற்பித்த இத்தாலிய ஆசிரியர்களின் செல்வாக்கோடு பரவியது. 1772-ல் பாரிஸில் வெளியான 'இத்தாலிய சோல்ஃபேஜ்கள்' என்ற தொகுப்பில் லியோ, துராந்தே போன்ற நேப்பிள்ஸ் ஆசிரியர்களின் பயிற்சிப் பாடல்கள் இருந்தன.

சுரப்பெயர்களின் கதை இன்னும் பழையது. பதினோராம் நூற்றாண்டில் அரெட்ஸோ நகரத்துத் துறவி குய்தோ, புனித யோவானைப் போற்றும் ஒரு லத்தீன் துதிப்பாடலைக் கையில் எடுத்தார். அதன் முதல் ஆறு அடித்துண்டுகளும் ஒன்றைவிட அடுத்தது ஒரு படி உயர்ந்த சுரத்தில் தொடங்கும். ஒவ்வொன்றின் முதல் அசையையும் எடுத்து உத், ரே, மி, ஃபா, சோல், லா என்று வைத்தார். ஏழாவதான 'சி' பிற்காலச் சேர்க்கை. 'புனித யோவான்' என்பதன் லத்தீன் முதலெழுத்துகளான எஸ், ஐ இரண்டும் சேர்ந்தது அது. 'உத்' வல்லின மெய்யில் முடிவதால் நீட்டிப் பாட வராது. இத்தாலியர் பதினேழாம் நூற்றாண்டில் அதை 'டோ' ஆக்கினர். பிரெஞ்சுக்காரர்கள் பாடும்போது 'டோ' என்றார்கள்; எழுத்தில் 'உத்' நெடுங்காலம் நின்றது. பழைய பிரெஞ்சுப் பதிப்புகளின் அட்டையில் 'உத் மினேர்' என்று கண்டால் அது ஆங்கில எழுத்துப்பெயரில் சி மைனர்தான் (டோ, ரே, மி, ஃபா, சோல், லா, சி என்பவை ஆங்கிலத்தில் சி, டி, இ, எஃப், ஜி, ஏ, பி). அதே பதிப்புகளில் வரும் 'சி' நாம் ஆங்கிலவழியில் அறிந்த சி அல்ல, பி. மொழிபெயர்ப்பாளர்கள் அதிகமாக வழுக்கி விழும் இடம் இதுதான்.

இன்னொரு சிக்கலும் உண்டு. பிரெஞ்சில் இந்த ஒரே சொல் மூன்று பொருள்களில் புழங்குகிறது: சுரம் சொல்லிப் பாடும் செயல், அதைச் சுற்றி அமைந்த பாடத்துறை முழுவதும், அந்தப் பயிற்சிக்கென இயற்றிய பாடல் அல்லது பாடநூல். எது எங்கே என்று பார்க்காமல் ஒரே தமிழ்ச்சொல்லை எல்லா இடத்திலும் ஒட்டினால் வாசகர் குழம்புவார்.

பாடத்துறையாக அது இறுகியது பாரிஸ் கன்சர்வத்துவாரில். புரட்சி அரசு 1795 ஆகஸ்டில் அந்தக் கல்லூரியை நிறுவியதும், ஆசிரியர்கள் கூடி எல்லா வகுப்புக்கும் பொதுவான பாடநூல்களை எழுதினார்கள். கோஸெக், மேயூல், கதேல், கெருபீனி ஆகியோர் பெயர் தாங்கிய கன்சர்வத்துவார் சோல்ஃபேஜ் நூல்கள் அப்படி வந்தவை. முன்னணி இசையமைப்பாளர்களே தொடக்கநிலை மாணவருக்குப் பயிற்சிப் பாடல் எழுத உட்கார்ந்தது அந்த நிறுவனத்தின் தனிச் சிறப்பு. அந்த வழக்கம் நூற்றாண்டு முழுவதும் அறுபடவில்லை. 1871 முதல் 1896 வரை இயக்குநராயிருந்த அம்புருவாஸ் தோமா, ஓப்பரா மேடையில் புகழ்பெற்ற பின்னும் சோல்ஃபேஜ் தேர்வுகளுக்குப் பாடங்கள் எழுதினார்.

வகுப்பில் நான்கு வேலைகள் நடக்கும். சுரப்பெயர்களைப் பாடாமல் தாளத்தோடு வாசிப்பது முதலாவது. கையால் தாளக்கணக்கைக் காட்டிக்கொண்டே வாய் பெயர்களைச் சொல்லும். அதையே சுருதியோடு பாடுவது இரண்டாவது. கேட்டதை எழுதுவது மூன்றாவது. ஷார்ப் (சுரத்தை அரைப்படி உயர்த்துவது), ஃப்ளாட் (அரைப்படி இறக்குவது), சுர இடைவெளி, அளவுமுறை (ஸ்கேல்) பற்றிய விதிகள் நான்காவது. கடைசிப் பகுதிக்கு தனோஸேர் 1872-ல் எழுதிய இசைக்கோட்பாட்டு நூல் பிரான்சில் பல தலைமுறைகளுக்குக் கைநூலாயிற்று.

கேட்டு எழுதும் பயிற்சிக்கு முழுமையான பாடத்திட்டம் தந்தவர் அல்பேர் லவின்யாக். அவருடைய நூல் 1882-ல் வந்தது. பொதுவான முறை இது: ஆசிரியர் முதலில் முழு மெட்டையும் ஒருமுறை வாசிப்பார், மாணவர் பென்சிலைத் தொடக்கூடாது. தாள அமைப்பையும் முடியும் சுரத்தையும் காது பிடிக்க வேண்டிய நேரம் அது. பிறகு இரண்டிரண்டு பாராக (ஒரு தாளச் சுற்று ஒரு பார்) பிரித்துச் சிலமுறை வாசிப்பார். கடைசியில் மீண்டும் முழுதாக, சரிபார்க்க. தவறு பெரும்பாலும் சுருதியில் வராது, தாளத்தில்தான் வரும்: ஒவ்வொரு சுரமாகத் துரத்திப் பிடிக்கும் மாணவர், அடி எங்கே விழுந்தது என்பதை விட்டுவிடுவார். அதனால்தான் முதலில் ஒவ்வோர் அடியின் தொடக்கத்திலும் ஒரு சிறு கோடு போட்டுக்கொண்டு, அதன்மேல் சுரங்களை நிரப்பச் சொல்வார்கள்.

இந்தப் பயிற்சியின் உச்சம் கிளெஃப் மாற்றம். ஐந்து கோடுகளின் தொடக்கத்தில் போடும் கிளெஃப்தான் எந்தக் கோட்டுக்கு எந்தப் பெயர் என்று முடிவுசெய்கிறது. பியானோ வாசிப்பவருக்கு இரண்டு கிளெஃப் போதும். கன்சர்வத்துவார் மாணவர் ஏழு படித்தார்: சோல் கிளெஃப் இரண்டாம் கோட்டில், ஃபா கிளெஃப் நான்காம், மூன்றாம் கோடுகளில், உத் கிளெஃப் முதல் நான்கு கோடுகளிலும். நடுக்கோட்டில் ஒரே ஒரு புள்ளியை வைத்துப் பாருங்கள். சோல் கிளெஃபில் அது சி. நான்காம் கோட்டு ஃபாவில் ரே, மூன்றாம் கோட்டு ஃபாவில் ஃபா. உத் கிளெஃப் முதல் கோட்டிலிருந்து மேலே ஏற ஏறச் சோல், மி, டோ, லா. புள்ளி அசையவே இல்லை, ஏழு பெயர்களும் வந்துவிட்டன.

ஏன் இவ்வளவு பாடு? வாத்தியக்குழுவின் முழு இசைத்தாளைப் படிக்கத்தான். சில வாத்தியங்களுக்கு எழுதும் சுரம் ஒன்று, ஒலிக்கும் சுரம் வேறு. பி ஃப்ளாட் கிளாரினெட்டுக்கு டோ என்று எழுதியிருந்தால் ஒலிப்பது சி ஃப்ளாட், அதாவது ஆங்கிலப் பெயரில் பி ஃப்ளாட். அந்த வரியை நான்காம் கோட்டு உத் கிளெஃப் இருப்பதாக எண்ணிப் படித்தால் ஒலிக்கும் சுரத்தின் பெயர் நேராக வாயில் வரும். இரண்டு ஃப்ளாட்டைச் சேர்த்துக்கொண்டு, ஸ்தாயியை மட்டும் மனத்தில் சரிசெய்ய வேண்டும். ஃபா சுருதி ஹார்னுக்கு இரண்டாம் கோட்டு உத், மி ஃப்ளாட் வாத்தியத்துக்கு நான்காம் கோட்டு ஃபா, லா கிளாரினெட்டுக்கு முதல் கோட்டு உத். எந்த வாத்தியமானாலும் ஏழுக்குள் ஒன்று பொருந்தும். தேர்வுப் பாடங்களில் கிளெஃப் சில பார்களுக்கு ஒருமுறை மாறும். கண் பழைய கிளெஃபிலேயே தங்கிவிட்டால் ஒரு சுரம் மட்டுமல்ல, அந்த வரியே தவறிவிடும்.

இது நடக்க வேண்டுமென்றால் பெயர் சுருதியோடு கட்டுண்டிருக்க வேண்டும். பிரெஞ்சு முறையில் டோ எப்போதும் ஆங்கிலப் பெயரில் சி எனப்படும் விசைதான், பாட்டு எந்த அளவுமுறையில் இருந்தாலும். இங்கிலாந்தில் பரவிய டானிக் சோல்ஃபாவில் ஆதாரசுரம் எதுவோ அதுவே டோ. இரண்டையும் ஒன்றாக எண்ணி எழுதுவது பெரும்பிழை. இன்னொன்று, நூற்றாண்டின் நடுப்பகுதி வரை ஊருக்கு ஊர், அரங்குக்கு அரங்கு சுருதி வேறுபட்டு ஏறிக்கொண்டே போனது. ரொஸ்ஸினி, மேயர்பேர், பெர்லியோஸ், தோமா முதலியோர் அடங்கிய குழுவின் ஆலோசனைப்படி பிரெஞ்சு அரசு 1859 பிப்ரவரியில் லா-வை நொடிக்கு 435 அதிர்வு என்று சட்டமாக்கியது. நிலையான பெயருக்கு நிலையான ஒலியும் கிடைத்தது.

நிலையான டோவின் பலவீனத்தையும் சொல்லியாக வேண்டும். டோ ஷார்ப் வந்தாலும் பாடுவது 'டோ' என்றுதான். ஆக 'டோ–மி' என்ற ஒரே சொல்லிணை, இடத்துக்கேற்ப வெவ்வேறு அகல இடைவெளிகளைக் குறிக்கும். நம் பாட்டில் மூன்று ரிஷபத்துக்கும் 'ரி' என்றே பாடுகிறோம். எந்த ரி என்பதை ராகம் சொல்லும். அங்கே அதை வரியின் தொடக்கத்திலுள்ள ஷார்ப், ஃப்ளாட் குறிகள் சொல்லும். இந்த அளவில் இரு முறைகளும் ஒன்று. ஆனால் நம் ச எந்தக் கட்டைக்கும் நகரும், டோ நகராது.

இந்தக் குறையைப் பிடித்துக்கொண்டுதான் எதிர்முகாம் எழுந்தது. 1742-லேயே ரூசோ சுரங்களை எண்களால் எழுதும் திட்டத்தை அறிவியல் கழகத்தின் முன் வைத்திருந்தார். போர்தோவில் கணிதம் கற்பித்த பியேர் கலேன் 1818-ல் அதைப் பயிற்றுமுறையாக்கினார். வெற்று ஐந்து கோடுகள் வரைந்த பலகை ஒன்று. அதில் புள்ளியும் இல்லை, கிளெஃபும் இல்லை. ஆசிரியர் கோலால் தொடும் இடத்தை மாணவர் பாட வேண்டும். ஏமே பாரி, அவர் தங்கை நனீன், அவள் கணவர் மருத்துவர் எமீல் ஷெவே ஆகியோர் அதை விரித்தார்கள். ஒன்று முதல் ஏழு வரை எண்கள், ஆதாரசுரம் எப்போதும் ஒன்று. மேல்ஸ்தாயிக்கு எண்ணின் மேலே புள்ளி, கீழ்ஸ்தாயிக்குக் கீழே புள்ளி. நம் சுரக்குறிப்பில் தார, மந்தர ஸ்தாயிக்குப் போடும் அதே புள்ளிகள்தான். தாளத்துக்குச் சொற்கட்டும் வைத்தார் ஏமே பாரி: அடியை நான்காகப் பகுத்தால் 'தா ஃபா தே ஃபே', மூன்றாகப் பகுத்தால் 'தா தே தி'. தகதிமி, தகிட சொல்லிப் பழகியவருக்கு இது உடனே புரியும். கன்சர்வத்துவார் இதை ஏற்கவில்லை. ஏட்டில் அச்சாகும் இசை எல்லாம் ஐந்து கோட்டில் இருக்க, எண்ணில் பழகியவர் பிறகு இரண்டாம்முறை கற்க வேண்டும் என்பது நியாயமான ஆட்சேபம்தான். இருந்தாலும், வாத்தியம் வாங்க வழியில்லாத மக்களைக் கூட்டமாகப் பாடவைக்க எண்முறை எளிது என்பதையும் மறுக்க முடியாது.

பள்ளிப் பிள்ளைகளுக்கும் தொழிலாளருக்கும் ஐந்து கோட்டையே கற்பித்தவர் வில்லெம். தேர்ந்த மாணவர் மற்ற மாணவருக்குச் சொல்லிக்கொடுக்கும் முறையில் அவர் வளர்த்த கூட்டுப்பாடல் இயக்கம் 1833-ல் ஓர்ஃபேயோன் என்று பெயர் பெற்றது. 1852 முதல் 1860 வரை பாரிஸ் ஓர்ஃபேயோனை நடத்தியவர் இசையமைப்பாளர் குனோ.

இனித் தமிழ்ச்சொல். சரளி வரிசை ஏன் ஆகாதென்றால், அது ஒரே ராகத்தில், மனப்பாடமாக, ஆதாரசுருதியோடு குரலைப் பண்படுத்தும் பாடம். சோல்ஃபேஜில் மனப்பாடமே எதிரி. ஒருமுறை பாடிய பாடம் இரண்டாம்முறை பார்வைவாசிப்புக்கு உதவாது. 'கற்பனைசுரம்' முற்றிலும் வேறு, அது மனோதர்மம். 'சுரவரிசை' வெறும் ஏறுமுகம் இறங்குமுகத்தைக் குறிப்பதாக நின்றுவிட்டது. 'குரற்பயிற்சி'யும் கூடாது, ஏனெனில் அதற்கு அங்கே வோக்கலீஸ் என்று தனிச்சொல் உண்டு. சுரப்பெயர் இல்லாமல் உயிரொலியில் பாடுவது அது. அதற்கு 'அகாரப் பயிற்சி' என்ற நம் சொல்லே அப்படியே பொருந்தும்.

பாடத்துறையைக் குறிக்கும்போது 'சுரப்பயிற்சி' எனலாம். செயலுக்குச் 'சுரம் சொல்லிப் பாடுதல்'. தாளத்தோடு பெயர் மட்டும் சொல்வதற்குச் 'சுரவாசிப்பு', கேட்டு எழுதுவதற்குச் 'செவிவழி எழுத்து'. நூலையோ பயிற்சிப் பாடலையோ குறித்தால் 'சுரப்பாடம்'. கட்டுரையில் முதல்முறை வரும்போது சோல்ஃபேஜ் என்று எழுதி ஒரு வரி விளக்கம் தந்து, பிறகு தமிழ்ச்சொல்லைத் தொடர்வது நல்லது. டோ, ரே, மி ஆகியவற்றைச் ச, ரி, க என்று மாற்றவே கூடாது. குரல், துத்தம், கைக்கிளை என்றும் கூடாது. அவை நகரும் பெயர்கள், இவை நகராதவை.

எடுத்துக்காட்டாக: 'பத்து வயதுக்குச் சற்று முன் 1848-ல் கன்சர்வத்துவாரில் சேர்ந்த பிஸே, ஆறு மாதத்துக்குள் சுரப்பயிற்சியில் முதல் பரிசு பெற்றான்.' தெபுஸ்ஸியைப் பற்றி எழுதும்போது 'பரிசு' என்று போடாதீர்கள், அப்போது தந்தது பதக்கம்: 'லவின்யாக்கின் சுரப்பயிற்சி வகுப்பில் 1874-ல் மூன்றாம் பதக்கம், 1875-ல் இரண்டாம் பதக்கம், 1876-ல் முதல் பதக்கம்.'